சோடாவும் பவுடரும் ஒன்றல்ல

வீட்டில் செய்த கேக் நடுவில் குழிந்தால் பலரும் முதலில் ஓவனைத்தான் சந்தேகிக்கிறார்கள். பல நேரங்களில் காரணம் மாவுக்குள்ளேயே இருக்கிறது. மாவை உப்ப வைப்பது கரியமில வாயு. அது எதிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலான குழப்பங்கள் தீரும்.

ஆப்பசோடா, சமையல் சோடா, பேக்கிங் சோடா எல்லாம் ஒரே பொருள்தான். வேதியியலில் சோடியம் பைகார்பனேட். இது காரத்தன்மை உள்ளது. தயிர், மோர், எலுமிச்சைச் சாறு என ஏதேனும் புளிப்பு சேர்ந்த உடனேயே வாயுவை விடத் தொடங்கும். அதனால்தான் தயிரும் சோடாவும் கலந்த கேக் மாவைக் காக்க வைக்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் வாயு வெளியேறிவிடும்.

புளிப்பே இல்லாத மாவில் சோடா போட்டால் என்ன ஆகும்? ஓவன் சூட்டில் அது சிதைந்து ஓரளவு வாயு தரும். ஆனால் பின்னால் தங்குவது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. சில கேக்குகளில் நாக்கில் தட்டும் சோப்புச் சுவை அதனால் வருவதே.

பேக்கிங் பவுடர் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை. சோடாவையும், புளிப்புத் தரும் உப்புகளையும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சோளமாவையும் அதில் கலந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் இப்படி ஒரு பவுடரைச் செய்தார். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்கு ரொட்டி செய்வதற்காகவே அவர் அதில் இறங்கினார். இன்று கிடைக்கும் பவுடர்களில் பல இருமுறை வேலை செய்பவை. ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு ஏறியதும் மீதி. ஆகவே மாவு சிறிது நேரம் காத்திருந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

பவுடரில் சோடா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே 1 டீஸ்பூன் பவுடருக்குப் பதிலாக 1 டீஸ்பூன் சோடா போடுவது பெரும் தவறு. கால் டீஸ்பூன் சோடாவும் அரை கப் தயிரும் சேர்த்தால் அந்த வேலை நடக்கும். தயிரின் அளவுக்குப் பால் அல்லது தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மசாலா பன், தேங்காய் பன் போன்றவற்றின் கதை வேறு. அங்கே வாயுவைத் தருவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, மெதுவாக வாயுவை விடுகிறது. மைதாவைப் பிசையும்போது உருவாகும் குளூட்டன் என்ற பசைப்புரதம் அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. பன் மாவை நன்றாகப் பிசைவதும், கேக் மாவை லேசாக மட்டும் கலப்பதும் இதனால்தான். கேக்கில் குளூட்டன் மிகுந்தால் மென்மை போய்விடும். ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பு போதும். கொதிக்கும் நீரை ஊற்றினால் செத்துவிடும்.

எந்த முறையாக இருந்தாலும், மாவிலுள்ள ஸ்டார்ச்சும் முட்டையின் புரதமும் சூட்டில் இறுகிய பிறகே உப்பல் நிலைக்கும். அதற்குமுன் ஓவனைத் திறந்தால் கேக் அமுங்கக்கூடும்.

சமையல் குறிப்பு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். 'சோடா சிறிது' என்பது வடைக்குப் போதும். கேக்குக்கு சோடாவா, பவுடரா, எத்தனை டீஸ்பூன் என்று எழுதுங்கள். வீட்டிலிருப்போர் பழைய டப்பாவைத் திறக்கும்போது ஒரு ஸ்பூன் பவுடரில் சுடுதண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம். நுரை பொங்காவிட்டால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.