முகூர்த்தம் இல்லாத மாதம்

மார்கழிச் சிறப்பிதழ் ஒன்றில் வந்திருக்கும் கட்டுரை, சென்னையின் டிசம்பர் சீசனை ஆண்டாள் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் மரபு என்கிறது. அது மரபாதலால் அதன் அமைப்பைக் கேள்வி கேட்பவர்கள் மரபு அறியாதவர்கள் என்றும் தீர்ப்பளிக்கிறது. முதல் கூற்று வரலாற்றுப் பிழை. அந்தப் பிழையைக் கேடயமாகப் பிடிப்பது அதைவிடக் கவலைக்குரியது.

சீசனுக்குப் பிறந்த தேதி இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. கோர்ட்டும் கல்லூரியும் மூடியிருக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை, வக்கீல்களும் பேராசிரியர்களும் நிறைந்த ரசிகர் கூட்டத்துக்கு வசதியாக இருந்தது. திருப்பாவையின் மாதமும் அதுவே என்பது பின்னால் சேர்ந்துகொண்ட அழகு. கச்சேரியின் வடிவமும் புதியதுதான். இன்று நாம் கேட்கும் வர்ணம் முதல் துக்கடா வரையிலான வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

புதியது என்பதால் அது குறைந்துவிடவில்லை. அந்தப் புதுமையில்தான் அதன் வீரியமே இருந்தது. தேவதாசி ஒழிப்புக்காக முத்துலட்சுமி ரெட்டி போராடிக்கொண்டிருந்த காலத்தில், 1931இல் தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்களை ஆட மேடையேற்றியது அகாடமி. இரண்டு ஆண்டுகள் கழித்து பாலசரஸ்வதி ஆடினார். அந்த நடனத்துக்காக வாதாடிய இ. கிருஷ்ண ஐயரும் முத்துலட்சுமி ரெட்டியும் பொதுவெளியில் மோதிக்கொண்டார்கள். 1941இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் கூட்டிய மாநாட்டுக்குப் பின் தமிழிசைச் சண்டை வெடித்தது. கல்கியும் டி.கே.சி.யும் தமிழிசையின் பக்கம் நிற்க, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எந்த மொழியில் பாடுவது, யார் ஆடுவது என்று தெருவுக்கு வந்து வாதாடிய ஒரு தலைமுறை கட்டியது இந்த சீசன். அதை இன்று தொன்மை என்று பட்டுத்துணி போட்டு மூடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

உண்மையிலேயே பழைய மார்கழி இசை எது என்று அந்தக் கட்டுரையாளர் தேடியிருந்தால், கோயில் வாசலுக்குப் போயிருப்பார். திருவாதிரைக்குத் தில்லையில் நடராஜர் தேரேறும்போது ஒலிப்பது நாகஸ்வரமும் தவிலும். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி எழும். அந்த வாத்தியத்துக்கு சீசன் ஒதுக்கியிருக்கும் இடமோ பெரும்பாலும் தொடக்க நாளின் மங்கள இசை. விளக்கேற்ற வந்தவர்கள் இருக்கை தேடும் நேரத்தில் அது முடிந்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு அந்த மாதம் நாளுக்கொரு சபா; முகூர்த்தங்களை நம்பியிருக்கும் நாகஸ்வர, தவில் குடும்பங்களுக்கு வருமானம் வற்றும் மாதம். ஒரு நகரம் இசையில் மிதப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அதே வாரங்களில், அந்த இசையின் ராக ஆலாபனையை வளர்த்தெடுத்த வாத்தியம் உறைக்குள் கிடக்கிறது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோபம் சொல்லாமலே புரியும். தைவதத்தில் நின்றுகொண்டு அவர் காட்டும் நிதானமும், அடுத்த கணமே பிர்க்காவாகச் சரிந்து இறங்கும் வேகமும் வாய்ப்பாட்டுக்காரர்களுக்கே பாடமாக இருந்தன. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் உரிமைக்காக வாதாடினார். 1947 ஆகஸ்டில் டெல்லியில் நாட்டின் விடுதலையை வரவேற்றது அவர் நாகஸ்வரம். 1942இல் சங்கீத கலாநிதி என்ற பட்டம் உருவானது. அதன்பிறகு பதினான்கு ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். பட்டம் அவருக்குத் தரப்படவில்லை. நாகஸ்வரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998ஆம் ஆண்டுக்கான பட்டம் கிடைத்தது. 1999இல் அவர் மறைந்துவிட்டார். கொஞ்சும் சலங்கை படத்தின் ஒரே பாட்டால் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1964இல் போய்விட்டார். கேட்டவர்கள் நெஞ்சில் அவர்கள் இருந்த இடத்துக்கும் நிறுவனங்களின் ஏட்டில் இருக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை, சாதியைப் பேசாமல் யாரும் விளக்கிவிட முடியாது.

அரங்குக்குள் நாகஸ்வரம் காதைத் துளைக்கும் என்பது வழக்கமான பதில். அரங்குக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றவே ராஜரத்தினம், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு உழைத்தார். உச்ச சுருதித் திமிரி இருந்த இடத்தில் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரம் வந்தது. பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைக் கடைந்து இன்றும் அதைச் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியம் தன் உடம்பையே மாற்றிக்கொண்டு அரங்கை நோக்கி வந்தது. எதிர் திசையிலிருந்து அரங்கு ஓரடிகூட வரவில்லை. மைக் வைத்து மிருதங்கத்தையே முழங்க விடும் அரங்குகள் ஒலியளவைக் காரணம் சொல்வதை ஏற்கவே முடியாது.

நோய் சபாக்களோடு நிற்கவில்லை. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பறையையும் கரகத்தையும் கூத்தையும் பொங்கல் நாட்களில் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. நகரவாசிகள் முதல்முறையாகச் சில கலைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அது பெரிய காரியம். ஆனால் புரிசைப் பக்கத்துக் கூத்து விடிய விடிய ஆடப்படுவது. நகர மேடைக்கு வரும்போது அது ஒரு மணி நேரத்துக்குள் நறுக்கப்படுகிறது. ராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணி நேரத்தைத் தயங்காமல் தரும் ஊர், கூத்தின் துகிலுரிதல் காட்சிக்கு அந்த நேரத்தைத் தரத் தயங்குகிறது. யுனெஸ்கோ 2017இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தபோது கொண்டாடியவர்கள், அந்தப் பெயருக்குள் யார் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு கலைக்கு அந்தஸ்து இருக்கிறதா என்பதைப் பாராட்டுரை காட்டாது. நிகழ்ச்சி நிரலில் அதற்கு எழுதப்படும் நேரம் காட்டும்.

1927இல் மனிதர்கள் கூடி முடிவெடுத்து உருவாக்கியதை, இன்றைய மனிதர்கள் கூடி முடிவெடுத்துத் திருத்தலாம். சபாச் செயலாளர்களிடம் இவ்விதழ் வைக்கும் கோரிக்கை ஒன்றே. ராஜரத்தினம் மறைந்தது 1956 டிசம்பர் 12, சீசன் சூடுபிடிக்கும் நேரம். அடுத்த ஆண்டு அந்தத் தேதியில், மாலை ஆறரை மணிக் கச்சேரியை ஒரு நாகஸ்வரக் குழுவுக்குக் கொடுங்கள். இரண்டரை மணி நேரம், முழு ஆலாபனை, தவிலுக்குத் தனி, முன்னணிப் பாடகருக்குத் தரும் அதே சன்மானம். வாசகர்கள் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருங்கள்.