துயில் நீங்காத இயந்திரம்

ஓடுகின்ற பொருள் தேயும். ஓய்ந்திருக்கின்ற பொருள் தேயாது. நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம் இது. ஒரு பொருளைப் பேண வேண்டுமாயின் அதனைத் தொடாது மூடி வைத்தாற் போதும் என்பதும் இவ்வெண்ணத்தின் வழிவந்ததே. இஃது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிய விரும்புவோர்க்கு, குளிர்நாடுகளிலே பனிக்காலம் முழுவதும் மூடி வைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றின் கதை நல்ல பாடமாகும்.

ஜேர்மனி, கனடா முதலிய நாடுகளில் வீதியிற் பனி உறையும் மாதங்களில் இரு சக்கர வண்டியிற் செல்லுதல் உயிருக்கு இடர். பனியை உருக்குவதற்காக வீதியில் தூவப்படும் உப்போ உலோகத்தை அரிக்கும். ஆதலால் பலர் கார்த்திகை அளவில் வண்டியை மூடி வைத்து, பங்குனி, சித்திரையிலேதான் மீண்டும் வெளியே எடுக்கின்றனர். ஜேர்மனியில் 1997ஆம் ஆண்டு தொடக்கம் இதற்கெனப் பருவகால இலக்கத்தகடு என்றொரு ஏற்பாடே உண்டு. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அவ்வண்டி வீதிக்கு வரலாம் என்பது தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஏனைய மாதங்களுக்கு வாகன வரி இல்லை.

ஐந்து மாதத் துயிலின் பின்னர் வண்டியை எழுப்பும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. மூடிய நாளிற் செவ்வையாக ஓடிய எஞ்சின் இப்போது உயிர்பெற மறுக்கின்றது. அல்லது, சோக்கை இழுத்து வைத்திருக்கும் வரை ஓடுகின்றது. சோக்கைத் தள்ளியதும் அணைந்து விடுகின்றது. எஞ்சினே பழுதாயிற்று என்று அஞ்சி, அதனைக் கழற்றிப் பிரித்துப் பணத்தை இழப்போரும் உளர். உண்மையில் பெரும்பாலும் எஞ்சினிற் குற்றம் இராது. குற்றம் அதன் உணவில் இருக்கும்.

பெற்றோல் என்பது தனி ஒரு பொருளன்று. பாரங் குறைந்தனவும் கூடினவுமான ஐதரோகாபன்கள் பல சேர்ந்த கலவை. அவற்றுள் இலகுவானவை முதலில் ஆவியாகிப் போகின்றன. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்குவதற்கு வேண்டப்படுவனவும் அவையே. எஞ்சியிருப்பவற்றுட் சில காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து பிசின் போன்ற பொருளாக மாறுகின்றன. நிறைந்த தாங்கியிலே இம்மாற்றம் மெதுவாகவே நிகழும். காபரேற்றரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்திலோ இருப்பது சிறிதளவு பெற்றோல். அதற்குக் காற்றுத் தொடர்பும் உண்டு. ஆகவே முதலிற் கெடுவது அங்கேயுள்ள பெற்றோலே.

காபரேற்றரின் வரலாறு மோட்டார் சைக்கிளின் வரலாற்றோடு ஒட்டியது. டைம்லர், மேபாக் என்னும் ஜேர்மனியர் இருவர் 1885இல் பெற்றோல் எஞ்சின் பூட்டிய இரு சக்கர வண்டியை உருவாக்கினர். பெற்றோலை நுண்துளை வழியாகத் தெளித்துக் காற்றோடு கலக்கும் காபரேற்றரை மேபாக் 1893இல் அமைத்தார். ஒடுங்கிய வழியால் விரைந்து செல்லும் காற்றின் அமுக்கம் குறைகின்றது. அக்குறைவே பெற்றோலை மேலே இழுக்கின்றது. இத்தத்துவம் பின்வந்த காபரேற்றர்களிலும் மாறவில்லை. எஞ்சின் விரைவாக ஓடும்போது பெற்றோல் பெருந்துளையால் வருகின்றது; நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது வேறொரு சிறு துளையால் வருகின்றது. இச்சிறு துளையின் விட்டம் பல வண்டிகளில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அதிலே மெல்லிய பிசிற்படலம் ஒன்று படிந்தாற்கூட வழி அடைபட்டு விடும்.

இனி, முற்கூறிய நோய்க்குறியை மாணவர்கள் சிந்தித்துப் பார்க்கலாம். கலவையிற் பெற்றோலின் விகிதத்தைக் கூட்டும் உறுப்பே சோக்கு. சோக்கு இருக்கும்போது எஞ்சின் ஓடுகின்றது. அஃது இல்லாதபோது அணைகின்றது. ஆகவே பொறியும் உண்டு, அமுக்கமும் உண்டு. மெதுவான ஓட்டத்துக்குரிய பெற்றோல் மட்டும் போதவில்லை. இவ்வளவும் ஒரு திருகாணியைத் தானும் தொடாமல் நாம் அறிந்துகொண்டவை. கிண்ணத்திலுள்ள பழைய பெற்றோலை வடித்துப் புதியதை விடுதல் முதற் சிகிச்சை. அதற்கும் இணங்காவிடின் சிறு துளையுறுப்பைக் கழற்றி, அதற்குரிய திரவத்தில் ஊறவைத்துக் காற்றினால் ஊதித் துப்புரவாக்க வேண்டும். கம்பியாற் குத்துதல் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெருத்துவிட்டால் பின்னர் கலவையின் அளவே மாறிப்போகும். மின்னணு முறையிற் பெற்றோலைச் செலுத்தும் புதிய வண்டிகளில் இத்தொல்லை குறைவு. ஆயினும் அறவே இல்லை என்று கூறுதற்கில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. பெற்றோலுடன் எதனோல் கலக்கும் வழக்கம் பல நாடுகளிற் பரவியுள்ளது. பிரித்தானியாவில் 2021 செப்தெம்பரிலிருந்து நூற்றுக்குப் பத்து வீதம் வரை எதனோல் சேர்ந்த பெற்றோலே பொதுவாக விற்கப்படுகின்றது. எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவு மீறுமாயின், நீரும் எதனோலும் ஒன்றுசேர்ந்து பிரிந்து தாங்கியின் அடியிலே தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் தொடங்குவதும் அவ்வடியிலேதான்.

எஞ்சின் சுழலவே மறுத்து "டிக், டிக்" என்னும் ஓசை மட்டும் கேட்குமாயின், பெற்றோலை விடுத்துப் பற்றறியை நோக்குக. ஓய்விலிருக்கும் பற்றறியும் சிறிது சிறிதாகத் தன் மின்னை இழக்கும். முழு ஏற்றம் பெற்ற 12 வோல்ற்று ஈயப் பற்றறி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். ஏற்றம் இறங்கிய நிலையிற் பல வாரம் கிடந்தால், தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிப் படிந்து மீளாத கேடு விளைவிக்கும். ஏற்றம் நிறைந்த பற்றறியிலுள்ள அமிலம் கடுங்குளிரையும் தாங்கும். வெறுமையான பற்றறியிலோ அது நீரை ஒத்ததாகிப் பனிக்காலத்தில் உறைந்து பெட்டியையே பிளந்துவிடக் கூடும். பற்றறியும் பெற்றோலும் நன்றாயிருப்பின் பிளக்கையும், அதன்பின் காற்றுப் புகும் வழியையும் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டிப் பெட்டியுள் எலி கூடு கட்டியிருத்தல் அந்நாடுகளில் அரிதன்று.

"வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் ஒரு தொல்லையும் வராது" என்று சிலர் அறிவுரை கூறுவர். இதிலே ஒரு பிழை உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரும் ஆவியாகப் பிறக்கின்றது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்நீராவி வெளியேறும். ஐந்து நிமிடச் சூட்டிலோ அதில் ஒரு பகுதி எஞ்சினுள்ளும் புகைக்குழாயினுள்ளும் நீராகத் தங்கி எண்ணெயைக் கெடுக்கும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். இதனினும் பெரிய இடர் வேறொன்று. குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிக்கொண்டு கொட்டிலினுள்ளே எஞ்சினை ஓடவிடுதல் உயிரையே பறிக்கக் கூடியது. அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிற் கலந்து ஒட்சிசனின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். வெளிநாட்டிலுள்ள நம் உறவினர்க்குக் கடிதம் எழுதுவோர் இவ்வொன்றையாவது தவறாது எழுதுதல் வேண்டும்: எஞ்சினை உயிர்ப்பிக்கு முன் வண்டியை வெளியே தள்ளிச் செல்லுக.

சித்திரையிற் காணும் இத்தொல்லைகளுக்கெல்லாம் மருந்து கார்த்திகையிலே உள்ளது. பழைய எண்ணெயில் அமிலங்கள் சேர்ந்திருக்குமாதலால் மூடுமுன்னரே அதனை மாற்றிவிட வேண்டும். தாங்கியை நிரப்பினால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிராது. பெற்றோல் கெடாதிருக்க உதவும் திரவத்தைச் சேர்த்துச் சிறிது நேரம் ஓடவிடலாம். அல்லது கிண்ணத்தை முற்றாக வடித்து விடலாம். பற்றறியைக் கழற்றி உறையாத இடத்தில் வைத்து, இடையிடையே மின்னேற்ற வேண்டும். அரை நாட் பணிக்கு மேல் இதில் இல்லை.

நமக்குப் பனிக்காலம் இல்லையே என்று வாசகர் சிலர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நம் வீடுகளிலும் மோட்டார் சைக்கிள்கள் வாரக்கணக்கில் முற்றத்திலே நின்றன. வெளிநாடு சென்ற பிள்ளையின் வண்டி தாழ்வாரத்தில் ஆண்டுக்கணக்காய் நிற்கும் வீடுகளும் பல. நம் வெப்பம் பெற்றோலின் ஆவியாதலையும் கேட்டையும் விரைவுபடுத்துமேயன்றித் தடுக்காது. அவ்வாறு நின்ற வண்டியை எடுக்கும் நாளில், முதலிற் பழைய பெற்றோலை வடித்துவிடுக, பற்றறியைச் சோதிக்க, எஞ்சின் ஓடியதும் மகிழ்ந்து உடனே வீதிக்கு ஏறாது, டயரின் காற்றையும் பிறேக்கின் பிடிப்பையும் பார்த்துக்கொள்க. ஓடாத எஞ்சின் வீட்டிலேயே நின்றுவிடும். பிடிக்காத பிறேக்கு வீதியிலேதான் தன் குறையைக் காட்டும்.