தேநீர் மீது பழி, தண்ணீர் மீது மௌனம்

கற்பிட்டியில் உள்ள நீண்டகால நண்பர் ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். பகலுணவு முடிந்து முற்றத்து வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தோம். கடற்காற்று ஓய்ந்துபோன புழுக்கம். நண்பரின் இளைய மகன் சந்திக் கடையிலிருந்து எல்லோருக்குமாக ஐஸ் டீ வாங்கி வந்தான். மூத்த மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கைநீட்டிக் குவளையை எடுத்த கணத்தில் அவளது மாமியார் அதைப் பறித்துவிட்டார்.

“ஐஸ் குடிக்காத மகள், வயித்துப் புள்ளைக்குச் சளி கட்டும்.”

அயல்வீட்டுப் பெண்மணி தம் பங்குக்கு, “தேத்தண்ணியும் கூடாது. புள்ள கறுப்பாப் பொறக்கும்” என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “மாமா, நீங்க முப்பது வருசமா பேப்பர்ல எழுதுறீங்களே, சொல்லுங்க. ஐஸ் டீ குடிக்கலாமா, கூடாதா?”

“டொக்டரிட்டக் கேளுங்க மகள்” என்றேன். முப்பதாண்டு எழுத்தனுபவம் மூன்று சொற்களுக்குள் ஒளிந்துகொண்டது. அந்த வெட்கமே இதனை எழுதவைக்கிறது.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். வாயில் குளிர்ந்திருக்கும் பானம் இரைப்பையில் சிறிது நேரம் தங்கும்போதே உடற்சூட்டை எட்டிவிடுகிறது. கருப்பைக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் குளிர் போய்ச் சேர்வதற்கு வழியேயில்லை. குழந்தை தாயின் இரைப்பையில் மிதப்பதில்லை. நச்சுக்கொடி வழியாகத் தாயின் குருதியிலிருந்தே அனைத்தையும் பெறுகின்றது. சளி என்பது கிருமியால் வருவது. நிறமோ பெற்றோரின் மரபணுக்களால் அமைவது. தேயிலைச் சாயத்தால் அன்று. மாமியார் மீது எனக்குக் கோபமில்லை. அவர் பறித்தது அன்பினால். அவருக்குச் சரியானதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதே என் கோபம்.

அடுத்து தேநீர். இதில் கஃபீன் உண்டு என்பது மெய். பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் 2008ஆம் ஆண்டில், கர்ப்பிணிகளுக்கான கஃபீன் எல்லையை நாளொன்றுக்கு 300 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உட்கொள்வோர் அதனைக் குறைத்துக்கொள்ளுமாறு கூறுகின்றது. ஒரு பெரிய குவளைத் தேநீரில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் என்பது பிரித்தானிய தேசிய சுகாதார சேவை தரும் கணக்கு. அதாவது, கடுமையான எல்லையை வைத்துக்கொண்டாலும் நாளுக்கு இரண்டு குவளைத் தேநீருக்கு இடமுண்டு. அது சூடாக இருந்தாலென்ன, ஐஸ் போட்டிருந்தாலென்ன, கணக்கு ஒன்றே. கோப்பியும் கோலாவும் அதே கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

தேநீருக்கு எதிராக நியாயமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. குருதிச்சோகைக்காக எங்கள் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கும் இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்குவது, மாத்திரையின் பயனில் ஒரு பகுதியைக் கைகழுவுவதற்குச் சமம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஓரிரு மணித்தியால இடைவெளி விட்டால் போதும். போத்தலில் விற்கப்படும் ஐஸ் டீயில் சீனி மிகுதி. 2016 முதல் இலங்கையில் இத்தகைய பானங்களின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளமிடும் முறை நடைமுறைக்கு வந்தது. சிவப்பைக் கண்டால் வைத்துவிடுங்கள். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் வைத்துவிட வேண்டும்.

ஆக, தேநீர் மீதான வழக்கு இவ்வளவுதான். சிறு குற்றம், சிறு எச்சரிக்கை. பிறகு நாம் ஏன் ஐஸ் டீக்கு அஞ்ச வேண்டும்? அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. அதை அன்று முற்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அந்தச் சந்திக் கடையில் இறங்கினேன். ஐஸ் எங்கிருந்து வருகிறதென்று விசாரித்தேன். கடைக்காரர் ஒளிக்கவில்லை. மீன் இறங்குதுறைக்குப் போகும் லொறி வழியில் ஒரு பாளத்தை இறக்கிவிட்டுப் போகுமாம். அது சாக்கில் சுற்றி சீமெந்துத் தரையில் கிடந்தது. பையன் ஒருவன் மரக்கட்டையால் அடித்து நொறுக்கி, அதே கையால் குவளையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். மீனைக் கெடாமல் காக்கச் செய்யப்பட்ட ஐஸ் அது. மனிதர் குடிப்பதற்கென்று செய்யப்பட்டதன்று.

ஐஸ் குளிர்ந்திருப்பதால் அதில் கிருமி இராது என்று நம்மில் படித்தவர்களும் எண்ணுகின்றனர். உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை. பலவற்றை உறங்க வைக்கிறது, அவ்வளவே. கொதித்த தேநீரில் கிருமி மடிந்தபின், கொதிக்காத நீரில் செய்த ஐஸை அதில் போட்டால், கொதிக்க வைத்ததன் பயன் என்ன?

இது வெறும் வயிற்றோட்டக் கதையன்று. மலம் கலந்த நீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ என்னும் காமாலை, ஏனையோரைச் சில வாரங்கள் படுக்கவைத்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. கர்ப்பிணியை அப்படி விடுவதில்லை. கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்ட பெண்களுள் 20 முதல் 25 சதவீதம் வரையானோர் இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1955-56இல் தில்லியின் குடிநீரில் சாக்கடை கலந்தபோது சுமார் 29,000 பேர் காமாலைக்கு ஆளாயினர். அப்போதும் கர்ப்பிணிகளையே அந்நோய் கடுமையாகத் தாக்கியது. சேமித்து வைத்த குருதி மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோதுதான் அது எவ்வகைக் காமாலை என்பது புலனாயிற்று. ஏழு மாதக் கர்ப்பிணியின் கையிலிருந்து குவளையைப் பறிக்கக் காரணம் வேண்டுமானால், சளியன்று, இதுவே காரணம்.

இதற்குத் தீர்வு விண்வெளி விஞ்ஞானமன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 ஜூன் முதல், உண்பதற்கல்லாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டுமெனப் பணித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நீலத்தைக் கண்டால் குவளையில் போடார். நான் நடந்து திரிந்த சிலாபம் முதல் கற்பிட்டி வரையிலான இந்தக் கரையில் நீல ஐஸை ஒருநாளும் கண்டதில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இங்கே இருக்கிறது. சட்டம் அலுமாரியில் இருக்கிறது; ஐஸ் தரையில் இருக்கிறது.

சரி, ஐஸை விலக்கிவிட்டோம். வீட்டுக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துத் தேநீர் போட்டு, ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குடிக்கிறோம். இப்போது நிம்மதிதானா? கற்பிட்டியில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் சூழ்ந்த மணல் நிலம். அதன் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லியதொரு வில்லை. மேலே ஊற்றுவது எதுவாயினும் மணல் தடுப்பதில்லை, கீழே இறங்கிவிடும். அந்த மணலில்தான் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் ஆண்டு முழுவதும் விளைகின்றன. மணல் உரத்தைப் பிடித்து வைக்காது என்பதால் உழவர் மேலும் உரம் இடுகிறார். மிகுதி கிணற்றுக்குப் போகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் இப்பகுதியில் தஞ்சம் புகுந்தபோது, கிணறும் மலகூடக் குழியும் அருகருகே நெருங்கின. அது அம்மக்களின் குற்றமன்று. அவர்களை மணலில் இறக்கிவிட்டுக் குழாய்நீரை மறந்தவர்களின் குற்றம்.

விளைவு, நைட்ரேட் எனப்படும் நைத்திரேற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டியின் பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டுள்ளதை 1980கள் தொடக்கம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதி வந்திருக்கின்றனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எல்லாவற்றிலும் கொடியது, கொதிக்க வைத்தால் அது போவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடுகிறது. “தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க” என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன நல்லுரை கிருமிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கோம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பால்மாவைக் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததைக் கண்டு, காரணம் கிணற்று நைத்திரேற்றே என்று எழுதினார். குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதால் வரும் நிலை அது. சில மாதக் குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தைதான் அகப்படுகிறது. எனவே அந்த ஏழு மாதக் கர்ப்பிணியிடம் இன்று பேச வேண்டிய பேச்சு இன்னும் இரண்டு மாதத்தில் பிறக்கவிருக்கும் குழந்தையைப் பற்றியது. குவளையைப் பற்றியதன்று, கிணற்றைப் பற்றியது.

இப்போது என் தொழிலின் குற்றப்பத்திரிகை. நான் முன்னர் பணியாற்றிய நாளிதழொன்றின் பெண்கள் பக்கத்துக்கு, “கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை” என்று ஒரு பட்டியலை நானே தொகுத்தேன். பப்பாசி, அன்னாசி, ஐஸ், தேநீர் என்று பழைய இதழ்களிலிருந்து பொறுக்கிப் போட்டது. அரைப் பக்கம் கொடுத்தார்கள், படத்துடன். அதே ஆண்டு கற்பிட்டிக் கிணறுகளைப் பற்றி நான் அனுப்பிய செய்தி, விளம்பரத்துக்கு இடம் போதாமல் நான்கு வரியாகச் சுருங்கி உள்பக்க மூலையில் வந்தது. நான் சண்டை பிடிக்கவில்லை. பெண்ணுக்கு விதிக்கும் தடைக்கு அரைப் பக்கம். அவள் குடிக்கும் நீருக்கு நான்கு வரி. அது என் கையெழுத்தோடு வந்த கணக்கு. இன்று வலையொளியிலும் கைபேசியிலும் சுற்றும் பட்டியல்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

“நீ உழவனின் வயிற்றில் அடிக்கிறாய்” என்பார் சிலர். இல்லை. தம் தோட்டத்துக் கிணற்று நீரை முதலில் குடிப்பது உழவரின் மனைவியும் மருமகளுந்தான். 2021இல் இரசாயன உரத்தை ஒரே கட்டளையில் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கிய கூத்தை யாரும் மறக்கவில்லை. அந்தத் தடையால் வயல் வாடியது. கிணற்றை அளந்து சொல்ல ஆளில்லாத குறை அப்படியே நின்றது. “சுற்றுலா கெடும்” என்பார் வேறு சிலர். கற்பிட்டிக்குப் பட்டச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர், ஐஸ் எந்த நீரில் செய்தது என்று கேட்டுவிட்டே குடிக்கிறார். அவருடைய பயணக் கைநூல் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுக்கக் கைநூலில்லை, மாமியாரின் அச்சம் மட்டுமே உண்டு.

நான் கேட்பவை மூன்று. கற்பிட்டியில் கர்ப்பம் பதிவாகும்போது, குருதியைச் சோதிப்பதுபோல் அவ்வீட்டுக் கிணற்று நீரின் நைத்திரேற்றும் சோதிக்கப்பட்டு, அளவு அவளது பதிவு அட்டையிலேயே எழுதப்பட வேண்டும். வரம்பு மீறிய வீட்டுக்கு, பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரையேனும் பாதுகாப்பான குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மீன் ஐஸுக்கு நீலச் சாயம் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மகளே, அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். ஐஸ் டீ குடிக்கலாம். வீட்டிலேயே, நைத்திரேற்றை நீக்கும் முறையில் சுத்திகரித்த நீரைக் கொதிக்க வைத்து, சீனி குறைத்துப் போட்டு, ஆறவைத்துக் குளிரூட்டிக் குடி. ஐஸ் வேண்டுமானால் அதே நீரில் செய்துகொள். மாத்திரைக்கும் அதற்கும் இடைவெளி விடு. கடை ஐஸைத் தொடாதே. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, “எங்கட கெணத்துத் தண்ணிய எப்ப சோதிப்பீங்க?” என்று கேள். பதில் கிடைக்கும்வரை கேள். உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. குவளையைப் பறித்த கை அது; கேள்வி கேட்கவும் தயங்காது.