விசாவும் வேதனமும்

அந்நிய வல்லுநர் வருகையால் கூலி வீழ்கின்றதென்று அமெரிக்காவில் ஒரு சாரார் குமுறுகின்றனர். அவர்களின்றித் தொழில் நடவாதென்கின்றனர் மறுசாரார். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த எச்-1பி விசாவே வாதப்பொருள்.

அவ்விடத்தில் அத்தொழிலுக்கு வழங்கும் வேதனத்திற்குக் குறையாது கொடுத்தல் வேண்டுமென்பது விதி. ஆயின், 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி வேதனத்தை நான்கு படிகளாக வகுத்தபோது, முதலிரு படிகளை இடைநிலை வேதனத்திற்குத் தாழவே வைத்தனர். நல்ல விதி!

நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. வேலை போயின் அவ்வல்லுநனுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் தவணை. அதற்குள் வேறொரு முதலாளி மனுச் செய்யாவிடின், பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்த்துவிட்டவன் சம்பள உயர்வு கேட்பானா? அவன் வாய் மூடியிருக்க, அடுத்த மேசை அமெரிக்கனும் கேட்கத் தயங்குவான்.

2025 செப்டெம்பரில், வெளிநாட்டிலிருந்து அழைக்கும் புதிய மனுவுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் விதித்தனர். அதனால் வருவோர் தொகை குறையலாம். முன்னரே வந்தவரின் 60 நாள் தவணையை அது ஒரு நாளேனும் கூட்டவில்லை.