சிவப்புக் குறி போட்ட அந்த வரி

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் என்ற பழகிய பெயர்களோடு இப்போது பலருக்கும் ஒரு புது வரி வருகிறது: எச்எஸ்-சிஆர்பி. எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி இருந்துவிட்டால் வீட்டில் கலவரம்தான். காய்ச்சல் இல்லை, மூட்டு வீங்கவில்லை, ஆறாத புண்ணும் இல்லை. உடம்பில் அழற்சி என்றால் எங்கே? அது போதாதென்று, “பின்னாடி சுகர் வர வாய்ப்பு இருக்கு, பார்த்துக்கோங்க” என்று டாக்டர் வேறு சொல்லி அனுப்புகிறார்.

சிஆர்பி கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். கடுமையான தொற்று வந்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டும். எச்எஸ் என்ற நுட்பமான சோதனையோ 1, 2, 3 என்று அடிமட்டத்தில் நிற்கும் அளவைத் தேடுகிறது. 3க்கு மேலே போய், சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமலே அங்கேயே நின்றால், உள்ளே எங்கோ நீறு பூத்த நெருப்பு இருக்கிறது.

அது பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்பில் இருக்கிறது. கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் மருத்துவம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழு பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் வெளியாவதைக் காட்டியது. அதைத் தடுத்தபோது இன்சுலின் மீண்டும் ஒழுங்காக வேலை செய்தது. 2003இல் இன்னொரு விஷயம் தெரிந்தது: அளவுக்கு மீறி உப்பிய கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறுகின்றன. கிருமியே இல்லாத இடத்தில் கிருமிக்கு எதிரான போர். அங்கிருந்து கிளம்பும் இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர, ரிப்போர்ட்டில் சிஆர்பி ஏறுகிறது.

இதற்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2001இல் எண்ணில் காட்டியது. நல்ல உடல்நலத்தோடு ஆய்வில் சேர்ந்து, நான்கு ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் கண்ட 188 பேரின் பழைய ரத்த மாதிரிகளை, நோய் வராதவர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். சிஆர்பி மிக அதிகமாக இருந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஆபத்து 15.7 மடங்கு. உடல் எடை போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தால் அது 4.2 மடங்காக இறங்கியது. எடையின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்த இறக்கமே சாட்சி.

அழற்சியை மருந்தால் அடக்கினால் சர்க்கரை வராதே என்று தோன்றும். யோசனை பழையதுதான். ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்தான சோடியம் சாலிசிலேட் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டைன் 1876லேயே எழுதினார். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு வயிற்றைப் புண்ணாக்கும், காதில் இரைச்சலைக் கிளப்பும். நவீன காலத்தின் பெரிய சோதனை 2017இல் வெளியான கான்டோஸ். மாரடைப்பு வந்து பிழைத்த, சிஆர்பி 2க்கு மேல் இருந்த 10,061 பேருக்கு கனகினுமாப் என்ற அழற்சித் தடுப்பு ஊசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு சிஆர்பி இறங்கியது. இதய ஆபத்தும் குறைந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வருவது மட்டும் குறையவில்லை.

ஊசி சாதிக்காததை நடை சாதித்திருக்கிறது. சர்க்கரையின் விளிம்பில் நின்ற 3,234 அமெரிக்கர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எடை குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. ஓராண்டில் அப்படிச் செய்தவர்களின் சிஆர்பியும் ஆண்களுக்கு 33, பெண்களுக்கு 29 சதவீதம் இறங்கியிருந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் பலன் 28.5 சதவீதம். அமெரிக்கக் கணக்கில் பாதிதான். இருந்தும் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்குச் சளைக்கவில்லை.

“நான் ஒல்லிதானே” என்பவர்கள் புணேயின் டாக்டர் யாக்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின் இருவரும் 2004இல் லான்செட் இதழில் சேர்ந்து வெளியிட்ட தங்கள் படத்தைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2.

எனவே சிஆர்பிக்குச் செலவழிக்கும் முன் ஒரு இன்ச் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிடலாம். 30 வயது கடந்தவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.