அவர் பாட்டா இது?

"இது அவர் பாட்டு மாதிரியே இல்லையே!" என்று முகத்தைச் சுளிக்கும் ரசிகர்களிடம் எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. அதை இன்று தீர்த்துக்கொள்ளப் போகிறேன்.

ஆடி மாதத்தில் ஓமலூர்ப் பக்கம் வந்து பாருங்கள். சரபங்கா ஆற்றை ஒட்டிய ஊர்களில் திரும்பிய இடமெல்லாம் வேப்பிலைத் தோரணம், கூழ்ப்பானை, மைக்செட். மைக்செட்டில் முதலில் எழும் குரல் எல். ஆர். ஈஸ்வரியினுடையது. மாரியம்மனே அந்தக் குரலைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறாளோ என்று தோன்றும். அப்படி ஓர் ஆடி வெள்ளியன்று ஓமலூர் அன்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். நிறையப் படித்தவர், நாவல்களுக்கெல்லாம் அட்டை போட்டு, எண் எழுதி வைத்திருப்பவர். "என்னதான் சொல்லுங்க, கிளப் டான்ஸுக்குப் பாடின குரலுங்க. அம்மன் பாட்டுக்கு ஒட்டவே இல்லீங்க."

ஒட்டவில்லையாம்! எதோடு எது ஒட்டவில்லை? அந்தக் குரலைக் கேட்டுத் தலைமுடியை அவிழ்த்துவிட்டு அருள் வந்து ஆடுகிறாளே ஒரு கிழவி, அவளிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஈஸ்வரியைத் தனிக்குரலாக நாடறியச் செய்தது கிளப் பாட்டு அல்ல. 1961இல் வந்த 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு அது. மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் மங்கலமான பாட்டு. கல்யாண வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. அதற்குப் பிறகுதான், திரையில் ஒருத்தி கையில் கிண்ணத்தோடு ஆட வேண்டுமா, ஈஸ்வரியைக் கூப்பிடு. கதாநாயகி உருக வேண்டுமா, சுசீலாவைக் கூப்பிடு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஈஸ்வரி அல்லர். படம் எடுத்தவர்கள் ஏற்படுத்தினார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய நாம் அதை உறுதி செய்தோம். 1972இல் 'வெள்ளி விழா' படத்துக்கு வி. குமாரின் இசையில் அவர் பாடிய பாட்டைக் கேளுங்கள். தூங்கும் குழந்தை விழித்துவிடக்கூடாதே என்கிற கவலையோடு பாடுவதுபோல் அவ்வளவு மென்மை. அந்த மென்மை 1972இல் திடீரென்று முளைத்ததா? இல்லை. கேட்பார் இல்லாமல் கிடந்தது.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவருடைய முழுப்பெயரில் லூர்து மேரியும் ராஜேஸ்வரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரிலேயே அவர்கள் சமாதானமாக இருக்கும்போது, ஒட்டவில்லை என்று பஞ்சாயத்துக்கு வர நாம் யார்?

மேற்படி அன்பர் கே. வி. மகாதேவனின் பக்தர். 'சங்கராபரணம்' என்ற பெயரைச் சொன்னாலே கண்ணை மூடிக்கொள்வார். மூடட்டும். 1980இல் வந்த அந்தப் படத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், 1968இல், அதே மகாதேவன் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு இசையமைத்தார். அதே வருஷம் அவர் இசையமைத்த இன்னொரு படம் 'பணமா பாசமா'. தெருவில் எலந்தப்பழம் கூவி விற்கிறவளின் பாட்டு அதில்தான் வருகிறது. பாடியவர் நம்முடைய ஈஸ்வரி. பட்டிதொட்டியெல்லாம் முழங்கிய பாட்டு. இந்த இரண்டில் எது 'மகாதேவன் பாட்டு'? இதை நான் அன்பரிடம் கேட்டபோது, "அது தொழிலுக்குப் பண்ணினதுங்க" என்றார். அப்படியானால் தில்லானாவைப் பொழுதுபோக்குக்குப் பண்ணினாரா? இரண்டுக்கும் சம்பளம் வாங்கினார். இரண்டுக்கும் ஒரே காதால்தான் மெட்டுக் கட்டினார். பழக்கூடைக்காரியின் கூவலில் இருக்கிற சுருதியைக் கேட்கத் தெரிந்த காதுதான் நாதஸ்வரத்தின் கமகத்தையும் கேட்டது என்பது என் அபிப்பிராயம்.

ஓமலூரிலிருந்து சேலம் ஒரு பஸ் தூரம். அங்கே ஏற்காட்டு மலையடிவாரத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது; இன்று வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. அந்த நிறுவனம் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'க்கு இசை ஜி. ராமநாதன். அதில் கணவன் தன் மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான். எதற்கு? தள்ளிக் கொல்வதற்கு! வழியில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் பாட்டோ நிலாக்காலத்துத் தென்றல்போல் இனிக்கிறது. கடைசியில் அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள் என்பது வேறு விஷயம். கொலைக்குப் போகிறவன் வாயில் அந்த இனிமை பொருந்துமா என்று கேட்டால் பொருந்தாது. பொருந்தாததனால்தான் அது நெஞ்சைப் பிடிக்கிறது.

அதே ராமநாதன்தான் 'ஹரிதாஸ்' காலத்திலிருந்து சினிமாவில் ராகங்களை ஆள்கிறவர் என்று பெயர் எடுத்தவர். 1958இல் 'உத்தமபுத்திரன்' படத்துக்கு என்ன செய்தார்? டிரம்ஸும் கைதட்டலுமாக மேல்நாட்டு ராக் அண்ட் ரோல் பாணியில் ஒரு மோகினிப் பாட்டைப் போட்டார். 'ராமநாதனா இப்படி!' என்று வியக்கிறவர்களுக்கு நான் சொல்வேன்: ராமநாதன்தான் இப்படி. தாளத்தைத் தெரிந்தவனுக்கு எந்த ஊர்த் தாளமும் அயலூர் அல்ல.

சினிமாக்காரர்களை விட்டுவிடுவோம், கர்நாடக சங்கீதத்தின் மகான்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்பீர்கள். முத்துசுவாமி தீட்சிதரைவிட ஒரு மகான் வேண்டுமா? விளம்ப காலத்தில் யானை நடப்பதுபோல் நடக்கும் கிருதிகளைச் செய்தவர். மணலியில் வாழ்ந்த இளம் வயதில் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரனின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார் என்று அவர் சரித்திரத்தில் சொல்வார்கள். கேட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கவில்லை. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது நொட்டுஸ்வரங்கள் அவர் பெயரில் கிடைக்கின்றன. இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டிலேயே சியாமளா தேவியின் மேல் ஒன்று இருக்கிறது. தீட்சிதர் பாட்டு மாதிரி இல்லைதான். ஆனால் தீட்சிதர் பாட்டு. பின்னாளில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்த இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் பாடும்போது, சபை சீட்டு எழுதி அனுப்பிக் கேட்டு வாங்கி ரசித்ததே, அப்போது இந்தப் பொருத்தம் பார்க்கும் ஜோசியர்கள் எங்கே போயிருந்தார்கள்?

எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று நான் வாதாடவில்லை. அவசரத்தில் கட்டியது, இரவல் மெட்டு, பாடகருக்கே மனமில்லாமல் பாடியது, எல்லாம் உண்டு. அதை 'நன்றாக இல்லை' என்று சொல்லுங்கள். எங்கே நன்றாக இல்லை என்றும் சொல்லுங்கள். அது விமரிசனம். 'அவர் மாதிரி இல்லை' என்பது சோம்பேறித்தனம். பாட்டைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்ல அது ஒரு குறுக்கு வழி. நாவல் எழுதுகிற எனக்கு இந்த வழி நன்றாகத் தெரியும். குடும்பக் கதை எழுதுகிறவன் ஒரு கொலையை எழுதிவிட்டால் வருகிற கடிதங்களைப் பார்க்க வேண்டும்! கொலை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்காவது கடிதத்தோடு போகிறது. கூலிக்கு வாசிக்கிறவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். தை மாத முகூர்த்தத்தில் ஓமலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட். அதே செட்டு அடுத்த நாள் ஒரு சாவு வீட்டில் நிற்கும். 'எழவு வீட்டில் ஊதுகிற பேண்டைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா' என்று பேரம் பேசுகிறபோது ஐந்நூறு ரூபாய் குறைக்கிறார்கள். உள்ளே நாதஸ்வரக்காரர். இளைஞர்கள் புதுப்படப் பாட்டு ஒன்றைக் கேட்கிறார்கள், அவர் வாசிக்கிறார். உடனே முன்வரிசை வேட்டிகள், "நாதஸ்வரத்துல இதையெல்லாம் வாசிக்கலாமா?" என்று தலையில் அடித்துக்கொள்கின்றன. இதே வேட்டிகள்தான் 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜி இங்கிலீஷ் நோட்டு வாசிப்பதைப் பார்த்துக் கைதட்டியவை. அதை உண்மையில் வாசித்த எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அந்த நாதஸ்வரக்காரர் விடியற்காலை நாலரை மணிக்கே வந்து ஒரு ராகத்தை எடுத்து விஸ்தாரமாக ஆலாபனை செய்தார். அப்போது மண்டபத்தில் இருந்தவர்கள் தவில்காரர், ஒத்து ஊதும் பையன், பால் கேனை இறக்கிய ஆள், நான். தலையில் அடித்துக்கொண்ட பெரியவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று நான் விசாரித்தேன். காப்பி தயாராகவில்லை என்று அறையிலேயே படுத்திருந்தார்களாம்.