பதிவான பத்திரமும் பறிபோகும் நிலமும்

தமிழ்நாட்டில் கிரையப் பத்திரம் செல்லுமா, செல்லாதா என்று மூளும் பூசல்களின் அடியில், பதிவு என்பது நிலவுரிமைக்கு அரசு தரும் உறுதி என்ற நம்பிக்கை படிந்திருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமோ ஆவணத்தைப் பதிவு செய்கிறதே தவிர, உரிமையைப் பதிவு செய்வதில்லை. எழுதிக்கொடுத்தவர் இன்னார்தாமா, தாமே எழுதிக்கொடுத்ததாக ஒப்புகிறாரா என்பவற்றைச் சார்பதிவாளர் விசாரிக்கலாம். விற்கும் உரிமை அவருக்கு உண்டா என்று தீர்ப்பளிக்க இயலாது. தம்மிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பதால், முறையாகப் பதிவான பத்திரமும் வெறுந்தாளாகிவிடக்கூடும்.

எனினும் எல்லாக் குறைபாடும் ஒரே தன்மையதன்று. ஆள்மாறாட்டம் செய்து எழுதப்பட்ட பத்திரம் தொடக்கம் முதலே செல்லாதது. உரிமையாளரையே ஏமாற்றியோ மிரட்டியோ கையொப்பம் பெற்ற பத்திரம், அவர் வழக்காடி ரத்து செய்யும்வரை செல்லத்தக்கது. இவ்விரண்டாம் வகைக்கு, ரத்து கோரும் காரணம் தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளே காலவரம்பு என்பதால், வில்லங்கச் சான்றைப் பார்த்த பின்னும் உறவினரிடம் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருப்போர் வழக்கிடும் உரிமையையே இழக்க நேர்கிறது.

இத்தகைய துயரைக் குறைக்க, போலி ஆவணங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவகுக்கும் 77-அ பிரிவைத் தமிழக அரசு 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சாட்சியமும் குறுக்கு விசாரணையும் வேண்டிய உரிமைப் பூசலை நிர்வாக அதிகாரியிடம் ஒப்படைப்பது முறையன்று. அப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாதென அறிவித்தது சட்டப்படி சரியே. ஆனால் போலிப் பத்திரம் சில நிமிடங்களில் பதிவாகிவிட, அதை நீக்க உண்மை உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்கும் கொடுமை அப்படியே நீடிக்கிறது. கிரையத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் பெறும் அரசு, இக்கொடுமையைத் தனிமனிதரின் பாடு என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

இதற்குக் கைக்கெட்டும் வழி ஒன்று உண்டு. வழக்கு நிலுவையிலுள்ளபோது சொத்தை வாங்குபவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. மகாராஷ்டிரத்தில் அப்பாதுகாப்பைப் பெற வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். வழக்கு எண் வழங்கப்பட்ட அன்றே நீதிமன்றம் சார்பதிவாளருக்குத் தகவல் அனுப்பி, வில்லங்கச் சான்றில் அதைச் சேர்க்குமாறு தமிழ்நாடு சட்டமியற்றினால், அறியாது வாங்கும் அடுத்த குடும்பமேனும் இவ்வழக்குகளுக்குள் சிக்காது.